மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறியாக்கும்!

ஏங்கண்ணு, வெட்னரி சீட்டு கெடச்சிருச்சாமா? உங்கப்பன் டீக்கடை பெஞ்சுல மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தான். என்னமோ ஏதோன்னு பதறிப் போயி, "ஏண்டா, யாருக்கு என்ன ஆச்சு?"ன்னேன். "புள்ளைக்குக் கால்நடை மருத்துவம்தான் கெடச்சுதுங் மாமா"ங்கறான். எழவு ஊட்டுல கூட அத்தனை மெதுவா யாரும் பேசமாட்டாங்க. சுத்தி இருந்த பெருசுகளும் சும்மா இருக்கல. "மனசை உட்ராத, இன்னொரு வருசம் நீட்டு எழுதச் சொல்லு"ன்னு ஒருத்தன். "போச்சாது போ, பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமல்ல"ன்னு இன்னொருத்தன். நானும் அவங்க கூடச் சேந்து உச்சுக் கொட்டிட்டுத்தான் வந்தேன். ஊருல குடியிருக்கோணுமல்லோ.

இப்ப நீ தனியாச் சிக்கியிருக்கற. சித்த உக்காரு. இந்தப் படிப்பு உனக்கு வேண்டாம்னு இந்த அப்பாரு நாலு காரணம் சொல்றேன், கேட்டுக்க. அப்பறம் உம்பட இஷ்டம்.

மொதக் காரணம், இது கீழான படிப்பு. ஊரே சொல்லுது, நானும் சொல்றேன். மனுச டாக்டருக்குப் படிக்கறவன் ஒரே ஒரு மிருகத்தைப் பத்திப் படிச்சாப் போதும். அந்த மிருகமும் தானா நடந்து வந்து, டோக்கன் வாங்கி, "இங்கதான் டாக்டர் வலிக்குது"ன்னு வெரலை வெச்சுக் காமிக்கும். உனக்கு அந்தச் சொகம் கெடையாது. மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்னி, நாய், கோழி, காட்டு யானை வரைக்கும் ஒட்டுக்காப் படிக்கோணும். மாட்டு வகுத்துக்குள்ள நாலு அறை. குதிரைக்கு ஒண்ணே ஒண்ணு. கோழிக்குப் பல்லே இல்ல, கல்லை முழுங்கி வெச்சுக்கிட்டு அரைக்குது. நம்ம தலைவலிக்குப் போடற பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு எமன். இத்தனையும் தெரிஞ்சவளை "மாட்டு டாக்டரு"ன்னு எளக்காரமாச் சொல்லுவாங்க. ஒத்தை மிருகத்தைத் தெரிஞ்சவன் பெரிய டாக்டரு. கணக்கு சரிதானே?

அஞ்சரை வருசம் வேற. நாலரை வருசம் பாடம், ஒரு வருசம் கைப்பழக்கம். உங்க அத்தை இப்பவே வெரலு உட்டு எண்ணிக்கிட்டிருக்கறா, முடிக்கறப்ப உனக்கு என்ன வயசு ஆகும்னு. அவளுக்கு ஒண்ணு சொல்லி வெய்யி. பத்திரிகையில "டாக்டர்"னுதான் அடிப்பாங்க, "மாட்டு"ங்கறதை அடிக்கமாட்டாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்து உக்காந்து காப்பி குடிச்சு முடிக்கறப்பத்தான் தெரியும். தெரிஞ்சதும் முதல் கேள்வி, "எங்க ஊட்டு நாயி ரெண்டு நாளாச் சோறு திங்கலைங், என்ன பண்ணலாம்?"ங்கறதாத்தான் இருக்கும்.

எந்தக் காலேஜுன்னு கேக்க மறந்துட்டேன் பாரு. நாமக்கல்லா? 1985ல வந்தது அது. எல்லாத்துக்கும் மூத்தது சென்னையில இருக்கறது. 1903ல சைதாப்பேட்டையில டாபின் ஹால்ங்கற கட்டடத்துல ஆரம்பிச்சு, ரெண்டு வருசத்துல வேப்பேரிக்குப் போச்சு. 1936ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட சேந்து, மாட்டு வைத்தியத்துக்கு நம்ம நாட்டுலயே மொதன்மொதலா டிகிரி குடுத்தது அதுதான். 1989ல தனிப் பல்கலைக்கழகமே வந்திருச்சு. இப்ப ஒரத்தநாடு, திருநெல்வேலி, உடுமலை, தேனி, தலைவாசல்னு ஊருக்கு ஊரு காலேஜு. நம்ம மாநில சீட்டுக்குப் பன்னண்டாவது மார்க்கு. அகில இந்திய ஒதுக்கீடு பதினஞ்சு சதவீதத்துக்குத்தான் நீட்டு. கவருமெண்டுப் பள்ளிக்கூடத்துல படிச்ச உன்னாட்டப் புள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் தனியா எடுத்து வெச்சிருக்கறாங்க. வாழ்க்கையில ஏழரை வந்து நல்லது பண்ணுனது உனக்குத்தான்.

ரெண்டாவது காரணம், நாத்தம்.

சினைப் பரிசோதனைன்னு ஒண்ணு இருக்குது. தோளு வரைக்கும் நீளமா ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கோணும். வழவழப்புக்குச் சோப்புத் தண்ணி. வெரலு அஞ்சையும் கூம்பாக் குவிச்சு, மாட்டுக்குப் பொறத்தாண்ட நின்னு, சாணி வர்ற வழியாவே கையை உள்ள உடோணும். மொதல்ல கைக்கு வர்றது சாணிதான். அதை அள்ளி அள்ளி வெளிய போட்டுட்டு, குடலோட சுவத்துக்கு அந்தப்பக்கம், கீழ, கருப்பையைத் தடவிப் பாக்கோணும். கண்ணுக்கு அங்க வேலை இல்ல. அத்தனையும் வெரலு நுனிச் சமாச்சாரம். மாடு சும்மா நிக்குமா? முக்கும். அது முக்கறப்ப உன் கையைப் புழிஞ்சு எடுத்துரும், மணிக்கட்டு மரத்துப் போகும். அவசரப்பட்டு இழுக்காம, அது விடற வரைக்கும் அப்படியே நின்னு, மறுக்காத் தேடோணும். கருப்பைக்கு ரெண்டு கொம்பு. ஒண்ணு சின்னதா, இன்னொண்ணு பெருத்து, தண்ணி நெறஞ்சு தளதளன்னு இருந்தா சினை. ரெண்டு மாசச் சினையைத் தொட்டே சொல்லிட்டு, கையைக் கழுவிட்டு, நின்ன வாக்குல காப்பி குடிச்சுட்டுப் போன டாக்டரம்மாவை இந்தக் கண்ணால பாத்திருக்கறேன். வளையல் போடற கைக்கு இதெல்லாம் தேவையா?

"பொம்பளப் புள்ளைக்கு மாடு அடங்குமா"ன்னு உங்க மாமன் கேப்பான். அவன் கட்டுத்தறியில இருக்கற அத்தனை மாடும் உங்க அத்தைக்குத்தான் அடங்குது. மாமன் கிட்டப் போனா ஒதைக்குது. இந்தச் சேதி ஊருக்கே தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது.

அப்பறம், மாட்டைப் பத்தி எங்களுக்குத் தெரியாததை உனக்கு எவன் சொல்லித் தரப் போறான்? காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையா இருக்கும், ஆறு மாசம் போனா மயிலைக்கு மாறும். மாட்டுக்கு மேல்வாயில முன்பல்லே கெடையாது. கீழ்ப்பல்லு எட்டையும் சோடி சோடியா எண்ணித்தான் வயசு சொல்றது. கண்ணபுரம் சந்தையில தரகன் துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு வெல பேசறதுக்கு முன்னால வாயைத் தொறந்து பல்லைத்தான் பாப்பான். இதெல்லாம் காலேஜுலயும் சொல்லித் தர்றாங்களாமா. சுழி சாஸ்திரம் மட்டும் சொல்லித் தரமாட்டாங்க. அது எங்ககிட்டத்தான் படிக்கோணும். இந்த எடத்துல சுழி இருந்தா ஊட்டுக்காரனுக்கு ஆகாது, அந்த எடத்துல இருந்தா பொண்டாட்டிக்கு ஆகாதுன்னு அத்தனைக்கும் கணக்கு இருக்குது. மாட்டை வாங்கறப்ப மட்டும்தான் அந்தச் சுழி கண்ணுக்குத் தெரியும். விக்கறப்பத் தெரியாது.

கைவைத்தியத்தைச் சொன்னா உங்க வாத்தியாருங்க சிரிப்பாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். மடிநோய்க்குச் சோத்துக்கத்தாழை, மஞ்சத்தூளு, சுண்ணாம்பு மூணையும் அரைச்சுத் தடவறதை அந்தப் பல்கலைக்கழகமே இப்ப சொல்லிக் குடுக்குது. எங்க பாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போகல, பல்கலைக்கழகம்தான் எங்க பாட்டிகிட்ட வந்திருக்குது. ஆனா ஒண்ணு. எங்காளுங்க கைவைத்தியம் பத்துல ரெண்டு தேறும். மீதிக்கு அடுப்புக்கரியும் சூட்டுக்கோலும்தான். அந்த ரெண்டு எது, எட்டு எதுன்னு பிரிச்சுப் பாக்கறதுக்குத்தான் படிப்பு.

மூணாவது காரணத்தைத்தான் நீ நல்லாக் காது குடுத்துக் கேக்கோணும். உம்பட பாடப் புத்தகத்துல ஒரு மிருகம் விட்டுப் போச்சு. மாட்டுக்காரன்.

மாட்டுக்கு வாயில்லை, பொய்யும் சொல்லத் தெரியாது. அதோட சாணியைப் பாத்தா தெரியும், எடது வகுத்துக் குழியில கையை வெச்சா தெரியும், காதைத் தொட்டுப் பாத்தா தெரியும். எங்களைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. "எப்ப இருந்து தீனி எடுக்கல?"ன்னு நீ கேப்ப. "இன்னிக்குக் காத்தாலிருந்துதானுங்"ம்போம். மூணு நாளாயிருக்கும். "வேற வைத்தியம் ஏதாச்சும் பண்ணுனீங்களா?"ம்ப. "அய்யய்யோ, நேரா உங்ககிட்டத்தானுங் வர்றோம்"னு கும்புடுவோம். மெடிக்கல் கடைக்காரன் குடுத்த ஊசி ஒண்ணு, பக்கத்துத் தோட்டத்துக்காரன் சொன்ன கசாயம் ஒண்ணு, மந்திரிச்ச கயிறு ஒண்ணு எல்லாம் முடிஞ்சிருக்கும். கயித்தை நீ கழுத்துலயே பாத்துக்கலாம், மத்ததை நீதான் கறக்கோணும்.

கல்யாண மண்டபத்துல மிஞ்சுன சோத்தைக் கூடை கூடையாக் கொண்டாந்து மாட்டுக்குக் கொட்டறது எங்களுக்குப் புண்ணியம். தட்டும் தவிடும் தின்ன வகுத்துக்குள்ள திடீர்னு அத்தனை அரிசி போனா, அது உள்ளயே புளிச்சு, அமிலமேறி, மாடு படுத்துரும். நீ வந்து, "என்ன தின்னுச்சு?"ன்னு கேட்டா, "எப்பவும் போலத்தானுங்"ம்போம். அப்ப நீ எங்களைப் பாக்காத. தொட்டியைப் பாரு, ஓரத்துல ஒட்டியிருக்கற பருக்கையைப் பாரு. வாசல்ல பந்தல்கால் நட்ட குழி இன்னும் மூடாம இருக்குதான்னு பாரு.

இன்னொரு ரகசியம். ஆம்பளைகிட்ட மாட்டோட வெலையைக் கேளு, பொம்பளைகிட்ட அதோட சீக்கைக் கேளு. பால் கறக்கறது அவதான், சாணி வழிக்கறது அவதான். எந்தக் காம்புல திரி திரியா வந்துச்சு, எந்த நாள்ல இருந்து மடி சூடா இருக்குதுங்கறது அவளுக்குத்தான் தெரியும். அவ தூணுக்குப் பின்னால நிப்பா. எங்காளு முன்னால நின்னு மீசையைத் தடவிக்கிட்டு அத்தனையும் தப்புத் தப்பாச் சொல்லுவான்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். "மாடு ஈன முடியாமக் கெடக்குதுங் டாக்டர்." நீ போறப்ப கட்டுத்தறியில ஊரே நிக்கும். ஒருத்தன் செல்போன் லைட்டை உன் கண்ணுக்கு நேரா அடிப்பான், மாட்டு மேல அடிக்கமாட்டான். சாயங்காலமே பனிக்குடம் ஒடைஞ்சிருக்கும், "இப்பத்தானுங்"ம்பாங்க. கன்னோட முன்னங்காலு ரெண்டும் வெளிய தெரியும், தலையைக் காணோம். நாலு தடியனுங்க அந்தக் காலுல கயித்தைக் கட்டி ஏற்கெனவே தேரிழுத்து முடிச்சிருப்பாங்க. நீ கையை உட்டுப் பாத்தா, கழுத்து விலாப்பக்கம் மடங்கிக் கெடக்கும். இழுக்க இழுக்க இன்னும் சிக்கும். நீ அந்தக் கன்னை மொதல்ல உள்ள தள்ளோணும். "வெளிய வரவேண்டியதை உள்ள தள்றாளே பாவி"ன்னு ஒரு கெழவி கூப்பாடு போடுவா. காதுல வாங்காத. தள்ளி, எடம் பண்ணி, கன்னோட தாடையைப் புடிச்சுத் தலையை நேராத் திருப்பிட்டு, மாடு முக்கறப்ப மட்டும் கூடச் சேந்து கீழ்வாக்குல இழுக்கோணும். விழுந்ததும் வாயில மூக்குல இருக்கற கொழகொழப்பை வழிச்சுப் போட்டுட்டு, ஒரு வைக்கத் தும்பை எடுத்து மூக்குக்குள்ள உட்டுக் கிளறு. தும்முச்சுன்னா பொழச்சுது.

பொழச்சா, "கருப்பணசாமி கண்ணைத் தொறந்துட்டாரு"ம்போம். செத்துச்சுன்னா, "டாக்டரு கொன்னு போட்டா"ம்போம். பீசுன்னு நீ வாயைத் தொறந்தா, "சொசைட்டியில பால் காசு வரட்டுங்"ம்போம். கன்னு வளந்து கெடாரியாகி அதுவே கன்னு போடும், எங்க பால் காசு மட்டும் வராது.

இதையும் தாண்டி உத்தியோகம்னு வந்தா, உங்கப்பனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான், கவருமெண்டு. டி.என்.பி.எஸ்.சி. எழுதி கால்நடை உதவி மருத்துவர் ஆகறது. அது நல்ல வேலைதான், யாரு இல்லைன்னா? கால்நடை மருந்தகத்துல உக்காந்தா சினை ஊசி, குடல்புழு மருந்து, கோமாரிக்கு ஊரு ஊராத் தடுப்பூசி முகாம். அந்தச் சினை ஊசிக் குச்சி இருக்கற டப்பாவுக்குள்ள எட்டிப் பாத்தா பொகை பொகையா வரும். திரவ நைட்ரஜன், சைபருக்குக் கீழ 196 டிகிரி. எங்கயோ இருக்கற காளை, அது செத்துப் போன பொறகும் இங்க கன்னு போட்டுக்கிட்டிருக்கும். பருவம் இருபத்தோரு நாளைக்கு ஒருக்கா வரும், அதுலயும் சில மணி நேரந்தான் ஊசிக்குத் தோது. அந்த நேரத்தை நாங்க உட்டுட்டு மறுநாள் சாவகாசமா ஓட்டிட்டு வந்து, "உங்க ஊசி சரியில்லைங்"ம்போம்.

மாட்டுக்குக் காதுல மஞ்சத் தோடு குத்தி, பன்னண்டு எலக்கத்துல நம்பரு குடுத்திருக்கறாங்க. நமக்கு ஆதாரு வந்தாப்பல அதுக்கும். இன்சூரன்சு போட்ட மாடு செத்தா நீதான் சான்று குடுக்கோணும். அப்பத்தான் உனக்கு எங்க பாசமெல்லாம் தெரியும். தோடு இல்லாத மாடு செத்துருக்கும், தோடு இருக்கற மாடு பொறகால கட்டுத்தறியில அசை போட்டுட்டு நிக்கும். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங் அம்மிணி"ன்னு எளநி வெட்டிக் குடுப்போம். எளநியைக் குடி. கையெழுத்தை மட்டும் போட்டுறாத.

கவருமெண்டு பரிச்சை நெனச்சா வரும், நெனைக்காட்டி வருசக்கணக்குல வராது. அதை மட்டும் நம்பி மரத்தடியில உக்காராத. நாமக்கல்லுப் பக்கம் போயிப் பாரு. ஒரு கொட்டாயில ஆயிரக்கணக்குல கோழி. அங்க ஒரு கோழிக்குச் சீக்குன்னு எவனும் டாக்டரைக் கூப்புட மாட்டான். காத்தால செத்துக் கெடக்கறதுல நாலை எடுத்து, அறுத்து, ஈரலையும் குடலையும் விரிச்சுப் பாத்து, மிச்சம் இருக்கற கொட்டாயை எப்படிக் காப்பாத்தறதுன்னு மத்தியானத்துக்குள்ள சொல்லோணும். கோழி டாக்டருக்குக் கத்திதான் ஸ்டெதஸ்கோப்பு. தீவனத்துல மக்காச்சோளம் பூசணம் புடிச்சிருந்தா முட்டை கொறையும், வேசகாலத்துல ஓடு மெலிசாகும். கூட்டிக் கழிச்சா காசுக் கணக்குத்தான். சம்பளம் பரவால்லைம்பாங்க. தூக்கம்தான் இருக்காது. கோழி மட்டும் படிக்கோணும்னா ஓசூர் மத்திகிரியில பி.டெக். நாலு வருசம். பாலைப் பத்தியே படிக்கோணும்னா சென்னைக்குப் பக்கத்துல கோடுவெளி. கொழுப்பு எத்தனை, கொழுப்பில்லாத மத்தச் சத்து எத்தனைன்னு அங்க மிசினு வெச்சு அளந்து போடுவாங்க. நம்மூருல எத்தனை பேரு கோடுவெளிக்குப் பயந்துக்கிட்டு இருக்கறாங்கன்னு எனக்குத் தெரியும். பேரைச் சொல்லமாட்டேன். அதுல ரெண்டு பேரு உனக்குச் சித்தப்பனுக.

பால்னதும் ஞாபகம் வருது. வர்கீஸ் குரியன்னு ஒருத்தரு. லயோலாவுலயும் கிண்டியிலயும் படிச்ச எஞ்சினியரு. ஆசைப்பட்டது வேற படிப்புக்கு. அரசாங்க உதவித்தொகை அவரைப் பால் எஞ்சினியரிங்குக்குத் தள்ளிவிட்டுருச்சு. 1949ல ஆனந்துங்கற ஊருக்கு வேண்டா வெறுப்பாப் போயி எறங்குனாரு, எப்படா கெளம்பலாம்னு நாளை எண்ணிக்கிட்டு. அங்கயே பால் சொசைட்டிகளை வளத்து, கடைசி வரைக்கும் அந்த ஊரை உட்டுப் போகல. 1998ல இருந்து உலகத்துலயே பால் உற்பத்தியில நாமதான் முன்னால நிக்கறோம். அவுங்க ஊட்டுலயும் யாரு எந்தப் பெஞ்சுல மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தாங்களோ, யாருக்குத் தெரியும்.

டவுனுக்குப் போனா நாய் டாக்டரு. ஏசி ரூமு, அதுல நாய்க்குன்னு தனி நாற்காலி. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறையெல்லாம் ஊருல எலும்பாத் திரியறப்ப, குளுருநாட்டு நாயைக் கொண்டாந்து ரோமத்தோட வேசகாலத்துல வளத்துக்கிட்டு, "மூச்சு வாங்குதுங் டாக்டர்"னு கூட்டிட்டு வருவாங்க. நீ சிரிக்காம மருந்து எழுதோணும். அதுதான் அங்க கஷ்டமான பாடம். ஆனா மசநாய்க்கடியில சாகற மனுசனை நாயைக் காப்பாத்தித்தான் காப்பாத்தோணும். தெருநாய் கூட்டத்துக்கு ஊசி போடற டாக்டரை எவனும் மாலை போட்டுக் கூப்புடறதில்ல. நீ காலேஜு சேந்ததும் மறக்காம உனக்கு அந்தத் தடுப்பூசியை மொதல்ல போட்டுக்க.

காட்டுக்குப் போறதா இருந்தா வி. கிருஷ்ணமூர்த்தின்னு ஒருத்தரு இருந்தாரு. முதுமலை, டாப்சிலிப் காட்டுல யானைகளுக்கே ஆயுசைக் குடுத்தவரு. ஜெயமோகன் எழுதுன 'யானை டாக்டர்' கதையில வர்றவரு அவருதான். செத்து நாறிப் போன யானையையும் அறுத்துப் பாத்து, எதுனால செத்துச்சுன்னு எழுதி வெக்கற ஆளு. உனக்கு நாத்தம் ஆகாதுன்னுதானே நான் ரெண்டாவது காரணம் சொன்னேன்? இந்த டிகிரியை வெச்சே ஐ.எஃப்.எஸ்.னு வனத்துறைப் பரிச்சையும் எழுதலாம். பட்டாளத்துலயும் மாட்டு டாக்டருக்கு அதிகாரி வேலை உண்டு, தோளுல நட்சத்திரத்தோட. 1779ல இருந்து இருக்கற படைப்பிரிவு, மீரட்டுல பயிற்சி. பனிமலையில சாமான் சொமக்கற கோவேறு கழுதைக்கும், வெடிகுண்டை மோப்பம் புடிக்கற நாய்க்கும் வைத்தியம். பேங்குல வெவசாய அதிகாரியாப் போனா, எங்களுக்கு மாட்டுக்கடன் குடுத்துட்டு எங்களையே தேடிக்கிட்டுத் திரியலாம். பாத்தியா, எந்த வழியில போனாலும் கடைசியில எங்ககிட்டத்தான் வந்து நிக்கோணும்.

இந்த வேலையில இன்னொரு கொறை இருக்குது. நீ நல்லாச் செஞ்சது எவன் கண்ணுக்கும் தெரியாது. எங்கப்பாரு காலத்துல வெக்கை நோய் வந்தா கட்டுத்தறி காலியாகும். ஒரு மாடு கழிஞ்சு படுத்தா வாரத்துல ஊரு முச்சூடும் படுக்கும். ஏரு பூட்ட மாடு இல்லாம வெதைப்பு நின்னு போகும், அடுத்த வருசம் மனுசனும் படுப்பான். ராணிப்பேட்டையில 1932ல ஆரம்பிச்ச நிலையத்துல மருந்து காச்சுனவங்க, அதைத் தூக்கிக்கிட்டு ஐஸ் டப்பாவோட பட்டி பட்டியா நடந்தவங்கன்னு எத்தனை பேரோ பாடுபட்டாங்க. நம்ம நாட்டுல கடைசியா அது தலையைக் காட்டுனது 1995ல. 2011ல உலகத்துலயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அடுத்து மனுசன் ஒழிச்சுக் கட்டுன ரெண்டாவது நோய் அது. இப்ப நீ நம்மூரு டீக்கடையில போயி வெக்கைன்னு சொல்லிப் பாரு. "ஆமாங், இந்த வருசம் வெக்கை ஜாஸ்தி"ன்னு விசிறிக்குவாங்க.

அதே மாதிரி நீ கவனமில்லாம ஒரு ஊசி போட்டா எங்கெங்கயோ போயி அடிக்கும். டைக்ளோபினாக்னு ஒரு வலி மருந்து. மாட்டுக்குப் போட்டா மாடு எந்திரிச்சு நிக்கும், எல்லாருக்கும் சந்தோசம். அப்படியும் செத்துப் போச்சுன்னா, அந்தக் கறியைத் தின்ன பொணந்தின்னிக் கழுகு கிட்னி போயி விழுந்துச்சு. வானத்துல வட்டம் போட்டுக்கிட்டிருந்ததுல முக்காவாசிக்கு மேல போச்சு. 2006ல அந்த மருந்தை மாட்டுக்குத் தடை பண்ணுனாங்க. நம்ம பக்கம் மோயாறு பள்ளத்தாக்குல மிச்சம் கொஞ்சம் சுத்துது. பாலுக்கும் அதுதான் கதை. ஊசி போட்ட மாட்டுப் பாலை இத்தனை நாளைக்கு ஊத்தாதீங்கன்னு நீ சொல்லுவ. "சரிங்"ன்னு தலையை ஆட்டுவோம். அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பாலு சொசைட்டி கேனுக்குள்ள இருக்கும். நீ தலையாட்டறதை நம்பாத. கட்டுத்தறியை உட்டுக் கெளம்பறதுக்கு முன்னால, தூணுக்குப் பின்னால நிக்கறவகிட்ட இன்னொருக்காச் சொல்லிட்டுப் போ.

நாலாவது காரணம் ஒண்ணு சொல்ல வந்தேன், பேச்சுல எங்கயோ போச்சு. கெடக்கட்டும்.

ஆமா, எப்பக் காலேஜு தொறக்கறாங்க? ஆயுதபூசைக்கு லீவு உடுவாங்கல்ல? வர்றப்ப அப்படியே எங்க கட்டுத்தறிப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு. மயிலைக் கெடாரி ஒண்ணு நிக்குது, ஊசி போட்டுப் போட்டும் சினை நிக்க மாட்டேங்குது. பருவம் சரியா வருதுங், தீனியெல்லாம் நல்லாத்தானுங் போடறோம், வேற வைத்தியம் ஒண்ணும் பண்ணலைங். என்ன சிரிக்கற? நெசமாத்தான் சொல்றேன். பீசெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு.

என்னது, மொத வருசம் எலும்புதான் சொல்லித் தருவாங்களா? பரவால்ல, வா. இந்தக் கெடாரிக்கு எலும்பு எல்லாமே நல்லாத் தெரியுது.